விளக்குக்கும் மரத்துக்கும் ஒரே மங்கல்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் மாமாவின் கடைவாய்ப் பல்லைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கிறோம். நீயும் உன் வாயாடிப் பெண்டாட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இருமல் விட்டதா?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். அம்மா உன் வீட்டுக்கு வருகிறாள். பார்த்துவிட்டுத் திரும்ப அல்ல, தங்குவதற்கு. எனக்கும் அவளுக்கும் ரேடியோவால் சண்டை. ராத்திரி முழுக்க ரயிலில் டிக்கெட் பரிசோதித்துவிட்டு வந்து பகலில் படுக்கிறேன். தலைமாட்டில் ரேடியோ ஊரைக் கூட்டுகிறது. அம்மாவுக்குக் காது மந்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்துபோய் நிறுத்தினேன்.

"நான் என் மகன் வீட்டுக்குப் போறேன். அவன் லெட்டருக்கு லெட்டர் கூப்பிடுறான், நான்தான் கௌம்பாம இங்கேயே கெடக்கறேன்" என்றாள். அன்றைக்கே பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வாசல் பக்கம் வைத்துவிட்டாள். போகும்போதும் வரும்போதும் நான்தான் அதில் கால் இடித்துக்கொள்கிறேன்.

அவள் சொல்வதிலும் தப்பில்லை. இத்தனை வருடமாக ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் 'அம்மாவை இங்கே அனுப்பி வை' என்று எழுதுகிறாய். உன் வாக்கு பலித்துவிட்டது.

இப்போது உன் படங்களை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியால் உன் வீட்டை ஆராய்கிறாள். "இவன் மூஞ்சி மட்டும் பளிச்சுன்னு இருக்கு. வீடு ஏன் ஆவி புடிச்ச கண்ணாடி மாதிரி இருக்கு? திரை பச்சையா நீலமா?" என்று என்னைக் கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை.

எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுக்கட்டும்? உடனே எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

---

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மாமா பல்லைப் பிடுங்கிப் போடட்டும், பயந்துகொண்டு கன்னத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்று சொல்.

வழக்கம்போல அம்மாவுக்கு வாசித்துக் காட்ட ஒரு தாள் தனியாக வைத்திருக்கிறேன். இது உனக்கு.

அம்மா வருவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இப்போதைக்கு வேண்டாம். வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் போகிறார்கள், அந்த வாடை அம்மாவுக்கு ஆகாது. குளியலறைக் குழாய் வேறு உடைந்து கிடக்கிறது. மாடிப்படி செங்குத்து. வெயிலும் ஏறிவிட்டது. எல்லாம் சரியானதும் நானே எழுதுகிறேன்.

படம் மங்கலாக இருக்கிறது என்கிறாய். அது குறையல்ல அக்கா, அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள்! எங்கள் போட்டோ கடையில் இப்போது ஆளுயரப் படம் போடும் வேலை அதிகம், துணிக்கடை வாசலிலும் செருப்புக்கடை வாசலிலும் நிறுத்துவதற்கு. முதலாளி வாய் அகன்ற ஒரு லென்ஸ் வாங்கியிருக்கிறார். ஆளை மட்டும் கூர்மையாகக் காட்டிவிட்டுப் பின்னால் இருப்பதை எல்லாம் கரைத்துவிடும். அதைத்தான் நான் கடன் வாங்கி வீட்டுப் படம் எடுக்கிறேன். திரை நீலம் என்று அம்மாவிடம் சொல்.

ஒரு படம் இத்துடன் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி வேலை உடம்பை உருக்கிவிடும்.

உன் தம்பி

---

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் படமும் கிடைத்தன. அம்மா நலம். மாமா பல்லைப் பிடுங்கிவிட்டார். இரண்டு நாள் சத்தமே இல்லாமல் இருந்தார், வீடு நன்றாக இருந்தது.

நான் கேட்டது ஒரு தேதி. நீ எழுதியது சுண்ணாம்பு, குழாய், படி, வெயில். என் வேலையில் ஒரு விஷயம் கற்றிருக்கிறேன். டிக்கெட் இருக்கிறவன் தூக்கக் கலக்கத்திலேயே எடுத்து நீட்டிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். இல்லாதவன்தான் நான் கிட்ட வருவதற்குள் மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? உனக்கு அம்மா வருவது பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல். எங்கள் சண்டை எங்களோடு போகட்டும்.

இன்னொன்று. அந்தப் பெண் ஏன் எழுதுவதே இல்லை? முன்பெல்லாம் உன் கடிதத்தின் ஓரத்தில் இடம் விடாமல் எழுதித் தள்ளுவாள். நீ குறட்டை விடுவது, நீ சட்டைப் பொத்தானைத் தொலைப்பது எல்லாம் அவள் எழுதித்தான் எங்களுக்குத் தெரியும். இப்போது ஓரமெல்லாம் வெறும் வெள்ளை. படத்திலும் கதவருகே தூரத்தில் நிற்கிறாள். "மருமக ஏன் கிட்ட வந்து நிக்க மாட்டேங்கறா? என் மேல கோவமா?" என்று அம்மா கேட்கிறாள். இரண்டு வரி எழுதச் சொல்.

அந்த வாய் அகன்ற லென்ஸைக் கடையில் வைத்துவிட்டு, அம்மாவுக்கான அறையைச் சாதாரண கேமராவில் தெளிவாக ஒரு படம் எடுத்து அனுப்பு. கட்டில் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.

வாயாடிக்கு என் அன்பு. இருவரும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அக்கா

---

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கடையில் வேலை கழுத்தை நெரிக்கிறது. உன் வாயாடிக்கு வலது கையில் சுளுக்கு, பேனா பிடிக்க முடியவில்லை. அம்மாமேல் யாருக்கு என்ன கோபம்? பைத்தியமா?

நீ என்னையும் டிக்கெட் இல்லாத பயணியாக்கிவிட்டாய். சரி, இந்த மங்கலில் சூது ஒன்றும் இல்லை என்று நீயே தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். உன் அலமாரியில் கீழ்த்தட்டில் என் பழைய கேமரா கிடக்கிறது. பிலிம் ரோல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதன் லென்ஸ் வழியாகவே எல்லாம் தெரியும். லென்ஸின் வளையத்தில் ஆகச் சிறிய எண்ணை வை, அப்போதுதான் உள்ளே துளை முழுசாகத் திறக்கும். மாமாவை உட்காரவைத்து, அவர் மீசை கூர்மையாகத் தெரியும்வரை முன்வளையத்தைத் திருப்பு. அப்புறம் அவருக்குப் பின்னால் பார். உன் சொந்த வீடே உனக்கு அடையாளம் தெரியாது.

ஒரு வேடிக்கையும் செய்யலாம். தூரத்தில் ஒரு பல்பை எரியவிட்டால் அது மங்கலாகி வட்டமான காசு போலத் தெரியும். கறுப்பு அட்டையில் நட்சத்திரமாகத் துளை வெட்டி லென்ஸுக்கு முன்னால் பிடித்தால் காசெல்லாம் நட்சத்திரமாகிவிடும். துளை எந்த வடிவமோ மங்கலும் அந்த வடிவம். அம்மாவுக்குக் காட்டு, சிரிப்பாள்.

அறையின் படம் பிறகு அனுப்புகிறேன், சாமானெல்லாம் இறைந்து கிடக்கிறது. இப்போதைக்குக் கூடத்தில் எடுத்தது ஒன்று. என் தோள் பக்கத்தில் தெரிவது மேசை விளக்கு. பின்னால் ஜன்னல், அதற்கு வெளியே தெருவோர மரம். சமையலறைக் கதவருகே அவள். ஆக, வீடு வீடாகத்தான் இருக்கிறது.

மாமாவுக்கு வணக்கம். அம்மா மருந்தை மறக்காமல் சாப்பிடட்டும்.

தம்பி

---

மே 16

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். சுளுக்கு எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் பேச்சைக் கேட்டு ஒரு வாரமாக இந்த வீடு வீடாக இல்லை. அட்டையில் நட்சத்திரம் வெட்ட அம்மாவே நகவெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பால்கனியில் நின்று தெருவிளக்குகளைப் பார்த்தோம். தெரு முழுக்க நட்சத்திரம். "அடியே, இங்க பாருடி, பஸ் முன்னால ரெண்டு நட்சத்திரம் போகுது!" என்று அம்மா போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் விளக்கைப் போட்டார். அவர் விளக்கும் நட்சத்திரமாகிவிட்டது. நாங்கள் இருவரும் அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று தெரியுமா? ரேடியோவை இப்போதெல்லாம் நான் எழுந்த பிறகுதான் வைக்கிறாள்.

ஆனால் நான் அதோடு விடவில்லை. உனக்குத்தான் என்னைத் தெரியுமே.

உன் மாமாவைச் சாப்பாட்டு மேசை முனையில் செய்தித்தாளோடு உட்காரவைத்தேன். அவருக்குப் பின்னால் ஒரு டம்ளர், ஓரெட்டு தள்ளி இன்னொன்று, அப்படியே கூடத்தின் கடைசிவரை வரிசையாக ஸ்டூல் போட்டு வைத்தேன். கடைசியில் குளியலறை பல்பு. மீசையைக் கூர்மையாக்கிவிட்டுப் பார்த்தால், முதல் டம்ளரின் விளிம்பு கொஞ்சம் பஞ்சுபோல இருந்தது. அடுத்தது ஊதியிருந்தது. அதற்கடுத்தது டம்ளர் என்று சொன்னால்தான் டம்ளர். பல்பு நீ சொன்ன காசேதான், பளபளவென்று, ஓரம் வெட்டியெடுத்தது போல. தூரம் போகப்போக மங்கலும் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு ரோல் வாங்கிப் படமாகவே எடுத்துக் கழுவிவிட்டேன். ஒன்று உனக்கும் வைத்திருக்கிறேன். அசையாமல் உட்கார்ந்ததற்கு உன் மாமா கூலி கேட்கிறார்.

இப்போது உன் படத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். மேசை விளக்கு உன் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மரம் ஜன்னலுக்கு வெளியே, தெருவைத் தாண்டி. விளக்கு லேசாகவும் மரம் மொத்தமாகவும் கரைந்திருக்க வேண்டும் அல்லவா? இரண்டும் ஒரே அளவு மங்கல். சுவரும் அதே. கதவும் அதே. கதவருகே நிற்பவளும் அதே.

இது எப்படித் தம்பி? வாய் அகன்ற லென்ஸுக்குத் தூரமும் பக்கமும் ஒன்றா?

பதிலை எதிர்பார்க்கிறேன். நேரத்துக்குத் தூங்கு.

அக்கா

---

மே 21

அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன்.

நீ டம்ளர் வைத்துப் பார்த்தாயா? நல்லது. என் கடையில் இருக்கும் லென்ஸ் விலை என்ன, உன் வீட்டில் இருக்கும் ஓட்டைக் கேமரா என்ன? ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு குணம். கழுவும்போது மாறும், தாள் மாறினால் மாறும். இருபது வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு நீ பாடம் நடத்துகிறாய். நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால், எப்போதும்.

எனக்குத் தெரியும் அக்கா இது எதற்கென்று. அம்மா உன்னை விட்டு வரக் கூடாது. சண்டை போடுவாய், ரேடியோவை நிறுத்துவாய், ஆனால் விடமாட்டாய். தம்பி வீடு சரியில்லை என்று எதையாவது கண்டுபிடித்தால் அம்மா பெட்டியை மறுபடி பரண்மேல் ஏற்றிவிடுவாள் அல்லவா? அதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா?

அம்மா உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்கான தாளில் வழக்கம்போல எழுதியிருக்கிறேன், அதை வாசித்துக் காட்டினால் போதும்.

தம்பி

---

ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

எங்கள் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதம்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

அம்மா என்னோடு இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? ஆனால் அதற்கும் டம்ளருக்கும் என்ன சம்பந்தம்? மங்கல் யார் பக்கமும் பேசாது. மறைக்க ஒன்றும் இல்லாதவன் இவ்வளவு சீக்கிரம் பதில் போடமாட்டான், இவ்வளவு கோபமாகவும் எழுதமாட்டான்.

கோபம் ஆறியதும் இன்னொரு சோதனை செய்தேன். பழைய நாட்காட்டியிலிருந்து ஒரு பெரிய படம் கிழித்தேன். மலை, ஏரி, ஏரிக்கரையில் விளக்குக் கம்பம் எல்லாம் இருக்கும். அதைச் சுவரில் ஒட்டி, உன் மாமாவை அதற்கு முன்னால் நிறுத்தி, அவர் மீசையைக் கூர்மையாக்கிப் பார்த்தேன். மலையும் கம்பமும் ஒரே அளவு மங்கல். கம்பத்தின் விளக்கு காசாகவே ஆகவில்லை, வெறும் வெள்ளைத் தீற்றலாக இருந்தது. தாளில் அச்சான விளக்கு எங்கே எரியப்போகிறது? உன் படத்தில் இருக்கும் மேசை விளக்கும் அப்படித்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு, போன வருடக் கடைசியிலிருந்து நீ அனுப்பிய எல்லாப் படத்தையும் வரிசையாக வைத்தேன். நீ ஒன்றில் நிற்கிறாய், ஒன்றில் உட்கார்ந்திருக்கிறாய். சட்டை மாறுகிறது, மீசை மாறுகிறது. அவள் மட்டும் ஒவ்வொன்றிலும் கதவில் இடது கையை வைத்து, தலையை அதே பக்கம் சாய்த்து, அதே உடுப்பில் நிற்கிறாள். மழைக்காலத்திலும் வெயில்காலத்திலும் அவள் அங்கேயே நிற்கிறாள்.

உனக்குப் பின்னால் இருப்பது வீடில்லை. வீட்டின் படம்.

தவளை தன் வாயால் கெட்ட கதைதான். ஆனால் உன்னைப் பிடித்துவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம் இல்லை. எங்கே இருக்கிறாய்? அவள் எங்கே? உயிரோடுதானே இருக்கிறாள்?

அம்மாவுக்காகப் பயப்பட்டு இனி எதையும் மறைக்க வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை அவளே பெட்டியைப் பிரித்துவிட்டாள். "அங்க போய் நான் என்ன பண்ணப்போறேன்? அவன் நல்லா இருக்கான், மருமக கூட இருக்கா. வீடும் பெருசா அழகா இருக்கு. எனக்கு இங்கேயே சரியா இருக்கு. நீதான் இப்பல்லாம் கத்தறதில்லையே" என்றாள். உன் படத்தை எல்லாம் அடுக்கிப் பழையபடி டப்பாவில் வைத்துவிட்டாள்.

ஆகவே அம்மா வரவில்லை. என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்.

அக்கா

---

ஜூலை 7

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்பதுதான் தெரியவில்லை. தபால்காரர் இப்போது என்னைக் கண்டாலே தூரத்திலிருந்து கையை விரிக்கிறார். உன் கடைக்குப் போன் செய்யலாம் என்று இரண்டு முறை எண்ணைச் சுழற்றிவிட்டு வைத்துவிட்டேன். போன் உன் முதலாளி மேசையில் இருக்கிறது, அவருக்கு முன்னால் நீ என்ன பேசுவாய்?

திட்டமாட்டேன். எழுது.

அக்கா

---

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

அவள் உயிரோடு இருக்கிறாள். தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். போன வருடம் மழை ஆரம்பிக்கும்போது போனாள். யார் தப்பு என்று கேட்காதே, பாதிக்கு மேல் என்னுடையது. அவள் பேசிக்கொண்டே இருப்பாள் அல்லவா, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்தது. வீடு நிம்மதியாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய முட்டாள்.

வீட்டைக் காலி செய்துவிட்டேன். ஒற்றை ஆளுக்கு எதற்கு? கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது, கழுவிய படங்களைக் கயிற்றில் தொங்கவிட்டு உலர்த்தும் அறை. அதில் ஒரு பெஞ்சு போட்டுப் படுத்துக்கொள்கிறேன். ஜன்னல் கிடையாது. முதலாளி நல்ல மனிதர், ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் படம் நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோன வாரத்தில் எடுத்தது. "சீக்கிரம் எடுங்க, அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிக் கதவில் கையை வைத்து நின்றாள். அதை ஆளுயரத்துக்கு மூன்று துண்டாகப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினேன். ஒட்டு தெரியாமல் இருப்பதற்காகத்தான் வாய் அகன்ற லென்ஸ். அம்மா மாதாமாதம் படம் கேட்கிறாள், நான் தனியாக நிற்கும் படத்தை எப்படி அனுப்புவது? முதல் தடவை அம்மாவுக்காகத்தான் ஒட்டினேன். படம் எடுத்ததும் சுருட்டி வைக்கலாம் என்று நினைத்தேன், மனசு வரவில்லை. தூங்கி எழுந்தால் அதுதான் எதிரே இருக்கிறது. எவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்தாலும் புள்ளிதான் தெரிகிறது.

அம்மாதானே பார்த்துப் பார்த்து இவளை எனக்குக் கட்டிவைத்தாள்? அவளிடம் போய் இதை எந்த வாயால் சொல்வேன்? இப்போதுதான் அவள் வரவில்லையே. நீ ஆசைப்பட்டதுபோல உன்னோடு இருக்கிறாள், சிரிக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறாய். அப்படியே இருக்கட்டும் அக்கா. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. வாசிக்கும் தாள் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், படமும் இருக்கிறது. வழக்கம்போலக் காட்டிவிடு. போன கடிதத்தில் உன்னை அப்படி எழுதியது தப்பு.

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

---

ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பிக்கு,

உன் மாமா நலம், நான் நலம், அம்மா நலம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை வாசித்துவிட்டு நீ பதறக் கூடாது.

உன் கடிதத்தை ரயிலில் வைத்துத்தான் பிரித்தேன். அன்றைக்கு நான் யாருடைய டிக்கெட்டையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்ற இடத்தில், நல்லவேளை இருக்கிறாளே என்று இருந்தது. அதற்குப் பிறகு வந்ததை வாசிக்க வாசிக்க, உன்னைத் திட்டுவதா உன் தலையைத் தடவுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நீ எட்டாத தூரத்தில் இருக்கிறாய்.

நீ சொன்னபடியே செய்துவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். எனக்கு என்ன நஷ்டம்? அம்மா என்னோடு இருக்கிறாள். பெட்டி பரண்மேல் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், எல்லாம் நான் ஆசைப்பட்டபடியே நடக்கும். சாயந்திரம் அவளை உட்காரவைத்து உன் வாசிக்கும் தாளை எடுத்தேன். 'உங்கள் மருமகள் உங்களை மிகவும் விசாரித்தாள், முழங்கால் வலிக்குத் தைலம் தடவச் சொன்னாள்' என்ற வரிக்கு வந்தேன். அம்மா தன் முழங்காலைத் தடவிக்கொண்டு, "பாரு, அவ்வளவு தூரத்துலேருந்து ஞாபகம் வெச்சிருக்கா" என்றாள். எனக்கு அடுத்த வரி வரவில்லை.

"ஏன் நிறுத்திட்டே?"

"கண்ணு கூசுதும்மா" என்றேன். அன்றைக்குத் தப்பித்தேன். மறுநாளும் தப்பித்தேன். மூன்றாம் நாள் புதுப் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மருமக எளைச்சுட்டா" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

சொல்லிவிட்டேன். நம் அம்மாவிடம் ரகசியம் சொல்வது எப்படி என்று உனக்குத் தெரியுமே. "அவ போய்ட்டாம்மா" என்றேன், "யாரு?" என்றாள். "உன் மருமக!" என்று கத்தினேன். உன் மாமா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். வீட்டைக் காலி செய்தது, உலர்த்தும் அறை, பெஞ்சு, சுவரில் ஒட்டிய படம் என்று ஒவ்வொன்றாகக் கத்தினேன். சில விஷயங்களை இரண்டு முறை. கத்தும்போது அழ முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை, உன்னைத் திட்டவில்லை, அவளையும் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவன் எங்க சாப்பிடுறான்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். இத்தனை சோதனை செய்தவளுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

உடனே உன் மாமாவைக் கூப்பிட்டுப் பெட்டியை இறக்கச் சொன்னாள். நான் விடவில்லை. "ஜன்னல்கூட இல்லாத அறைம்மா, உன் முழங்காலுக்கு அந்தப் படி ஆகாது" என்றேன். "ஜன்னல் வழியா வேடிக்கை பாக்கற வயசா எனக்கு?" என்றாள். "அவன் உன்னைக் கூப்பிடலைம்மா, வர வேணாம்னுதான் எழுதறான்" என்றேன். "நல்லா இருந்தப்ப கூப்பிட்டான், நான் போகல. நல்லா இருக்கறவன் வீட்டுல எனக்கு என்ன வேலை?" என்றாள். அதற்குமேல் அவளோடு யார் பேசுவது?

நீ எழுதியது சரிதான். அம்மா என்னோடு இருக்க வேண்டும் என்றுதான் உன்னைத் தோண்டினேன். உன் பொய்யைப் பிடித்தால் அவள் போகமாட்டாள் என்று நினைத்தேன். அந்தப் பொய்தான் அவளை இங்கே உட்காரவைத்திருந்தது. நீ நல்ல படம்தான் எடுத்திருந்தாய், நான்தான் கெடுத்தேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறாள். நிலையத்துக்கு வந்துவிடு, முன்பக்கப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நில். அறையில் இரண்டு பேர் படுக்க இடம் பண்ணு, முடிந்தால் ஒரு கட்டில் வாங்கு. சுவரில் இருப்பதை அவள் வருவதற்கு முன்னால் கிழித்துவிடாதே, அதைப் பார்க்க வேண்டும் என்றாள். மருமகளின் அண்ணன் வீட்டு முகவரியும் கேட்பாள். மறைக்காமல் கொடுத்துவிடு.

மருந்து நீல டப்பாவில் இருக்கிறது. இருமினால் வெந்நீர் கொடு. அவளோடு பேசும்போது இடது பக்கம் உட்கார்ந்து பேசு, அந்தக் காதில்தான் கொஞ்சம் விழும். வலது காது சுத்தமாகப் போய்விட்டது.

நேற்று அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். "என்னை விட்டுட்டுப் போறியே, அப்போ நான் நல்லா இருக்கேனாம்மா?" என்று கேட்டேன். அவள் திரும்பவில்லை, மடித்துக்கொண்டே இருந்தாள். நான் நின்றது வலது பக்கம். இடது பக்கம் போய் நின்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அக்கா